கணக்கில் வராத சர்க்கரை

சென்ற மாதம் ஒரு நாள் காலை நமது நண்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போக நேர்ந்தது. வாசற்படி ஏறும்போதே உள்ளே ஏதோ விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. கூடத்து ஊஞ்சலில் நண்பர் நியாயாதிபதியைப் போல் வீற்றிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய தாயார், "ஏண்டா, நான் ஒரு விள்ளல் கொடுத்திருந்தால் இந்தக் கை விளங்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் நண்பரின் மனைவி. இவர்களுக்கு நடுவில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட கோலத்தில், அவர்களுடைய பன்னிரண்டு வயதுப் பெண். குழந்தை அழவில்லை, பேசவும் இல்லை. ஊஞ்சல் பலகையின்மேல், வழக்கின் சான்றுப் பொருளைப் போல், ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் கிடந்தது. அதில் 312 என்ற எண் தெரிந்தது.

"நல்ல சமயத்தில் வந்தீர்கள். நீங்களே கேளுங்கள். நேற்று ராத்திரி அளந்து வைத்த மூன்று இட்லி. ஊசியும் குறைவில்லாமல் போட்டாயிற்று. காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு! இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. சர்க்கரை என்ன, ஆகாயத்திலிருந்தா வந்தது?" என்றார் நண்பர்.

வரவும் சரி, செலவும் சரி. ஆகையால் மிச்சம் திருட்டு என்பது அவருடைய தீர்ப்பு. வெல்ல டப்பாவைத் திறந்தது குழந்தையா, திறந்து கொடுத்தது பாட்டியா என்பதுதான் மீதி விசாரணை. எழுதவே வெட்கமாயிருக்கிறது: நாமும் ஒரு கணம் அந்தக் குழந்தையின் வாயோரத்தைத்தான் பார்த்தோம்.

இந்தப் பெண்ணுக்கு எட்டாவது வயதிலிருந்து நீரிழிவு. டாக்டர்கள் 'டைப் 1' என்று குறிப்பிடும் முதல் வகை. நீரிழிவு என்றதும் நம்மவர்களுக்குத் தொந்தியும், நாற்பது வயதும், ஜாங்கிரித் தட்டும் நினைவுக்கு வருகின்றன. அது வேறு; இது வேறு. தகாத ஆகாரத்தால் வருவது ஒன்று, பிறவியோடு வருவது ஒன்று என்று நீரிழிவைச் சுசுருத ஸம்ஹிதையே இரண்டாகப் பிரித்திருக்கிறது. முதல் வகையில், நோயை எதிர்த்துப் போராட வேண்டிய உடம்பின் காவற்படையே வழி தவறி, கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. குழந்தை மிட்டாய் தின்றதாலோ, பெற்றோர் கவனிக்காததாலோ இது வருவதில்லை. உடம்பில் இன்ஸுலின் ஏறக்குறைய அடியோடு இல்லாமற் போவதால், ஆயுள் முழுவதும் அதை வெளியிலிருந்து செலுத்த வேண்டும். ஊசி நின்றால் சில நாட்களில் உயிர் நிற்காது.

நண்பர் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. சர்க்கரை ஆகாயத்திலிருந்து வரவில்லை, கல்லீரலிலிருந்து வந்தது. நாம் ஒரு பருக்கைகூட உண்ணாமல் உறங்கும் நேரத்திலும் ஈரல் தன் கிடங்கிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மூளைக்கும் இருதயத்துக்கும் அந்த இரவுச் சாப்பாடு வேண்டும். கதவை எவ்வளவு திறக்கலாம் என்று ஈரலுக்கு அளவு சொல்வது இன்ஸுலின். அது போதாத இரவில் கதவு அகலத் திறந்துகொள்கிறது. ஆகவே முழுப் பட்டினி கிடந்த குழந்தைக்கும் காலையில் 300 காட்டலாம். இதை அறிந்த பிறகு வெல்ல டப்பாவின்மேல் நமக்கிருந்த சந்தேகம் பாதி குறைந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1922-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, கானடா தேசத்து டொராண்டோ நகரில், லெனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் செலுத்தினார்கள். அதற்கு முன் இந்த வியாதிக்கு இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: பட்டினி. பையன் எலும்புக்கூடாகக் கிடந்தான். பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் தயாரித்த மருந்தை ஏற்றியும் சர்க்கரை சற்றுத்தான் இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் கட்டி எழும்பியது. அந்த வேளையில் பையன் தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்து வைத்திருக்கிறானா என்று தேடிக்கொண்டிருந்தால் உலகத்துக்கு இன்ஸுலின் எப்பொழுது கிடைத்திருக்குமோ! அவர்கள் மருந்தைச் சந்தேகித்தார்கள். காலிப் என்ற ரசாயன நிபுணர் அதை மறுபடியும் சுத்தம் செய்தார். ஜனவரி 23-ந் தேதி அதைச் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. பையன் பிழைத்தான்.

காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறும் வீடுகளிலும் இந்த வரிசைதான் ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். மனிதரைச் சந்தேகிப்பதற்கு முன் கருவியை, மருந்தை, ஊசி இறங்கும் இடத்தை, உடம்பின் நிலையைச் சந்தேகிக்க வேண்டும்.

கருவியில் ஆரம்பிப்போம். மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்திப் பார்த்தால், குளுக்கோமீட்டர் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, இன்னொரு முறை பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். தேதி கடந்த பட்டைகளும், மூடி சரியாக மூடாத டப்பாவில் ஈரம் பட்ட பட்டைகளும் பொய் சொல்லும்.

மருந்தின் விஷயம் நமது தேசத்தில் மிக முக்கியமானது. இன்ஸுலின் வெயில் தாங்காது. திறக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். திறந்ததைப் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குமேல் உபயோகிக்கக் கூடாது. ஆனால் சித்திரை மாதத்துப் பிற்பகலில், நிறுத்தி வைத்த மோட்டார் வண்டிக்குள் அரை நாள் கிடந்த பேனா ஊசிக்கு நான்கு வாரக் கணக்குச் செல்லுபடியாகாது. வெயிலில் வீரியம் போன மருந்து பார்வைக்குப் பழையபடி தெளிவாகவே இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள வஞ்சகம். சிலர் குளிர்ச்சி அதிகமாயிருக்கட்டும் என்று பனிக்கட்டி அறையை ஒட்டி வைக்கிறார்கள். ஒரு முறை உறைந்த இன்ஸுலின், உருகிய பிறகும் உதவாது, எறிந்துவிட வேண்டியதுதான். மின்சாரம் நிலையில்லாத ஊர்களில் ஒரு மண் பானைக்குள் இன்னொரு பானையை இறக்கி, நடுவில் மணலிட்டு நனைத்து, உட்பானையில் மருந்தை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கேலி செய்வதற்குரிய காரியமன்று, நல்ல யுக்தி. காரணமின்றி இரண்டு நாள் சர்க்கரை இறங்காவிட்டால், டாக்டரிடம் சொல்லிப் புதுப் புட்டி ஒன்றைத் திறப்பது உத்தமம்.

இன்னொரு விபரீதம் உண்டு. நமது நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள புட்டியும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஸிரிஞ்சு. 40-க்குரியது வழக்கமாகச் சிவப்பு மூடி, 100-க்குரியது ஆரஞ்சு மூடி. 40 யூனிட் புட்டியிலிருந்து 100-க்குரிய ஸிரிஞ்சில் '20' என்ற கோடு வரை மருந்தை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். வீட்டில் எல்லோரும் இருபது போட்டோம் என்று சத்தியம் செய்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகும். மாறி நேர்ந்தாலோ இதைவிட ஆபத்து. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய ஸிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போய்விடும். மருந்தும் ஸிரிஞ்சும் வாங்கும்போது இரண்டிலும் அச்சடித்துள்ள எண்ணைப் பார்க்காமல் கடைப்படி இறங்கக் கூடாது.

நமது நண்பர் வீட்டில் கை கழுவிப் பார்த்தார்கள், எண் மாறவில்லை. மருந்தும் புதிது. மறுநாள் குழந்தையை டாக்டரிடம் அழைத்துச் சென்றார்கள். நாமும் உடன் போயிருந்தோம். டாக்டர் கணக்குப் புத்தகத்தைச் சிறிது நேரம் புரட்டினார். ஒரு காலை 128, மறு காலை 290, பிறகு 141, பிறகு 312. "தினம் ஏறினால் அளவைச் சந்தேகிப்பேன். ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கினால் இடத்தைச் சந்தேகிப்பேன்" என்று சொல்லிவிட்டு, நர்ஸம்மாளைக் கூப்பிட்டார். நர்ஸம்மாள் எந்த யந்திரத்தையும் எடுத்துவரவில்லை. குழந்தையைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், விரல் நுனிகளால் தொடையைத் தடவிப் பார்த்தார். வலது தொடையில், ஒரு புளியங்கொட்டை அகலத்துக்கு, மெத்தென்று ஒரு தடிப்பு. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது.

"எப்பொழுதும் இங்கேயேதான் போட்டுக்கொள்வாயா, அம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம். அங்கே வலிக்காது" என்றாள் குழந்தை.

இந்த மூன்று வார்த்தையைக் கேட்டு நண்பர் தலை குனிந்துகொண்டார். ஒரு நாளைக்கு நான்கு ஊசி என்றால் வருஷத்துக்கு ஆயிரத்து நானூற்றுக்குமேல். வலிக்காத இடம் ஒன்றை ஒரு குழந்தை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் அதில் ஆச்சரியம் என்ன? ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி இறங்கும்போது அங்குள்ள கொழுப்பு தடித்துப் போகிறது. தடித்த இடத்தில் உணர்ச்சி குறைவு, அதனால்தான் வலிப்பதில்லை. அங்கே செலுத்திய மருந்து சில நாள் சரியாக ரத்தத்தில் கலக்கும். சில நாள் உள்ளேயே தங்கி, கலந்தும் கலக்காமலும் இருக்கும். இரவு முழுவதும் ஈரலுக்கு அளவு சொல்ல வேண்டிய மருந்து அந்தத் தடிப்புக்குள் அகப்பட்டுக் கிடந்தது.

பரிகாரம் எளிது. வயிறு, தொடை, புஜம், இடுப்பின் பின்புறம் என்று இடம் மாற்ற வேண்டும். ஒரே பக்கத்திலும் சென்ற ஊசிக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி முனை வேண்டும். தடித்த இடத்தைச் சில மாதம் தொடக் கூடாது. பேனா ஊசியானால் முதலில் இரண்டு யூனிட் வெளியே தள்ளி, முனையில் துளி வருவதைப் பார்த்துக்கொண்டு, குத்திய பிறகு பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் டாக்டர் இரண்டு முறை சொன்னார். புது இடத்தில் பழைய அளவு பலமாக வேலை செய்யும். ஆகவே இடம் மாற்றும்போது அளவைத் தம்மைக் கேட்டுக் குறைக்க வேண்டும் என்றார். குறைத்தார்கள். அப்படியும் இரண்டாம் நாள் நள்ளிரவில் சர்க்கரை 64-க்கு இறங்கிவிட்டது. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த பாட்டியார்தான் குளுக்கோஸைக் கரைத்தார். எந்தக் கை இனிப்புக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டினார்களோ, அந்தக் கையே கொடுத்தது. மகன் பக்கத்தில் நின்று தம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

எல்லா வீட்டிலும் குற்றவாளி இப்படிக் கைக்கு அகப்படுவதில்லை. விடியற்காலையில் உடம்பு தானே சில சுரப்பு நீர்களை வெளிப்படுத்தி, எழுந்து நடமாடுவதற்காகச் சர்க்கரையை ஏற்றுகிறது. கணையம் சரியாயுள்ளவர்களுக்கு இது தெரிவதே இல்லை. இவர்களுக்கு மூன்று மணிக்கு 140 இருந்தது ஏழு மணிக்கு 230 ஆகிவிடும். இரவில் சர்க்கரை மிகவும் இறங்கிப் போவதால்தான் காலையில் எதிர்த்து ஏறுகிறது என்று ஸோமோகி என்ற அறிஞர் 1930-களில் சொன்னார்; வெகு காலம் அதையே எல்லோரும் நம்பினார்கள். தோலில் ஒட்டி இரவெல்லாம் சர்க்கரையைப் பார்க்கும் ஸென்ஸார்கள் வந்த பிறகு, அப்படி நேர்வது அபூர்வம், பெரும்பாலும் இரவு மருந்து போதாமையே காரணம் என்று தெரிகிறது. எப்படியாயினும், மூன்று மணிக்கு எழுந்து ஒரு முறை பார்க்காமல் இரவு மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இருட்டில் கல்லெறிவதற்கு ஒப்பாகும்.

பருவமடையும் வயதில், வளர்ச்சிக்குரிய சுரப்பு நீர்கள் இன்ஸுலினின் வலிமையை மழுங்கச் செய்கின்றன. சென்ற வருஷத்து அளவு இவ்வருஷம் போதாது. மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் பல பெண்களுக்குச் சர்க்கரை ஏறும். தாய்மார்கள் இதைத் தேதியோடு குறித்து வைத்தால் டாக்டருக்குப் பேருதவி. வெளியே தெரியாத பல் சீழ், நீர்த்தாரைச் சூடு, ஜுரம் வருவதற்கு முந்தைய நாள், பரீட்சைப் பயம், ஆஸ்துமாவுக்குக் கொடுத்த ஸ்டிராய்டு மாத்திரை, இவையெல்லாம் ஏற்றும். நெய்யும் தேங்காயும் மிகுந்த கல்யாணச் சாப்பாடு இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் காட்டாமல், நான்கைந்து மணி கழித்து, எல்லோரும் மறந்திருக்கும்போது காட்டும். விருந்தைப் பற்றி நாம் அதிகம் சொல்ல விரும்பவில்லை. நமக்கும் அதில் பலவீனம் உண்டு.

இனிச் சொல்லப் போவதைத் தாய்மார்கள் தயவு செய்து நிதானமாகப் படிக்க வேண்டும். அன்று காலை நண்பர் வீட்டில் விசாரணை அரை மணி நேரம் நடந்தது. அந்த அரை மணியில் செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்தை யாரும் செய்யவில்லை. நாமும் ஞாபகப்படுத்தவில்லை. கீட்டோன் பார்க்கவில்லை.

இன்ஸுலின் போதாதபோது உடம்பு சர்க்கரையை உபயோகிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. அப்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் மிகுந்தால் ரத்தம் அமிலமாகிறது. வயிற்று வலி, வாந்தி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை, பிறகு மயக்கம். ஏதோ அஜீரணம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளில் குழந்தைகள் இறந்திருக்கின்றன. சர்க்கரை 250-க்குமேல் இறங்காமல் நின்றாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ, காரணம் தேடுவதற்கு முன் கீட்டோனைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரில் தோய்க்கும் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கும். ரத்தத்தில் பார்க்கும் கருவி இன்னும் நல்லது. ரத்தத்தில் 0.6-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 1.5-க்குமேல் போனால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். 3 ஆகிவிட்டால், அல்லது வாந்தி நிற்காவிட்டால், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். கீட்டோன் இருக்கும்போது, சர்க்கரை இறங்கட்டும் என்று குழந்தையை ஓடச் சொல்வது தவறு. 'ஒன்றும் சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?' என்று நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. ஜுர காலத்தில் பெரும்பாலும் இன்ஸுலின் அதிகமாகவே தேவைப்படும். எந்த லேகியத்தை நம்பியும் இந்த வகை நீரிழிவில் ஊசியை நிறுத்தக் கூடாது. நமது வைத்திய முறைகளில் நமக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததல்ல. ஆயினும் இதை அழுத்தமாகவே சொல்கிறோம்.

இடுப்பில் பம்பு கட்டி மருந்து செலுத்திக்கொள்கிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய் மடங்கினால் சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறிவிடும். பம்பு வழியாகத் திருத்த அளவு கொடுத்தும் இறங்காவிட்டால் சாதாரண ஊசியால் மருந்தைப் போட்டுக்கொண்டு, குழாயை மாற்ற வேண்டும். பதற்றத்தில் மணிக்கொரு தரம் ஊசி போடுவதும் ஆகாது. விரைவில் வேலை செய்யும் இன்ஸுலினே நான்கு மணி நேரம் உடம்பில் இருக்கும். முதல் ஊசி முடிவதற்குள் மூன்றாவதைப் போட்டால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நடுநிசியில் இறக்கிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் காரணம் அகப்படாத நாட்கள் உண்டு. டாக்டரிடம் இதைக் கேட்டோம். "உண்டு, நிறைய உண்டு. கீட்டோன் இல்லையென்றால், அளவுப்படி திருத்தம் செய்துவிட்டுக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். புத்தகத்தில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். அதுவும் எனக்கு உபயோகமான தகவல்தான். 'திருடித் தின்றாள்' என்று எழுதினால், அடுத்த தடவை எண்ணை மாற்றிச் சொல்லக் குழந்தை கற்றுக்கொள்ளும். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்" என்றார்.

நண்பர் மறுமொழி சொல்லவில்லை. ஏனென்றால் அவருடைய புத்தகத்தில் அந்த வாரத்தின் மூன்று தேதிகளுக்கு எதிரே, சிவப்பு மையில், 'திருட்டுத் தீனி?' என்று எழுதியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு மறுபடி போயிருந்தோம். புத்தகம் ஊஞ்சலின்மேல் திறந்து கிடந்தது. அந்த மூன்று இடத்திலும் சிவப்பு எழுத்துக்களின்மேல் அடிமட்டம் வைத்து, காகிதம் கிழியுமளவுக்கு அழுத்தி, கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் குழந்தைக் கையெழுத்தில் 'வலது தொடை' என்றிருந்தது. கோடு இழுக்கச் சொன்னது யார் என்று நாம் விசாரிக்கவில்லை. அன்று காலை எண் 134.